கயிறு இறங்கிய பிறகு

'அலெமானியா' ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்து நான்கு நாள் ஆகியிருந்தது. போடன் ஏரிக்கரையில் வாய் இருக்கிற ஒவ்வொருவனும் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தான். ரொட்டிக்கடைக்காரன் வெடிகுண்டு என்றான். படகுக்காரர்கள் இடி என்றார்கள். கப்பலின் மேல்துணிக்குப் பூசிய வார்னிஷ்தான் பற்றிக்கொண்டது என்று பள்ளிக்கூட வாத்தியார் கரும்பலகையில் படமே போட்டுக் காட்டினாராம். கப்பல் நிறுத்தும் கொட்டகையில் வேலை பார்த்தவர்களோ, கடைசி வளைவில் வெடுக்கென்று திருப்பியதில் உள்ளே ஒரு கம்பி அறுந்து வாயுப் பையைக் கிழித்திருக்கும் என்றார்கள். அந்தப் பேச்சு இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. எங்கள் ஊரில் நான்கு பேர் பீர் குடிக்க உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் ஐந்து காரணம் வந்துவிடும்.

கெப்ஹார்ட் ஷ்டேலே மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆகாயக் கப்பலில் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டூவர்ட் அவன். இரண்டு கையும் முழங்கை வரை கட்டுப் போட்டிருக்க, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அதிர்ச்சி என்றார்கள் அக்கம்பக்கத்தார். அதிர்ச்சி இல்லை, பயம். கப்பல் எரிந்ததற்குக் காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்தான். காரணம் அவன்தான்.

விஷயம் இதுதான். ஆகாயக் கப்பலில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும், மந்திரியே ஆனாலும், படியில் கால் வைக்கும் முன் சட்டைப் பையைத் துழாவிவிடுவார்கள். தீப்பெட்டி, லைட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது. தலைக்கு மேலே பை பையாக ஹைட்ரஜன் இருக்கிறது. ஒரு பொறி போதும். வாங்கிய லைட்டர்களைத் தனித்தனித் துணிப் பையில் போட்டு, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டிக்கொள்வது கெப்ஹார்டின் வேலை. பயணியின் கால் தரையில் பட்ட பிறகுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். விதி அப்படி.

விதி வேறு, பழக்கம் வேறு. கப்பல்காரர்களுக்கு, கப்பலின் மூக்கிலிருந்து கீழே கயிறு இறங்கிவிட்டால் கப்பலே இறங்கிவிட்ட மாதிரி. கீழே ஆட்கள் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்களோ இல்லையோ, "வந்தாச்சு!" என்று யாராவது ஒருவன் கத்துவான். சமையல்காரன் ஏப்ரனை அவிழ்ப்பான். இயந்திரக்காரன் தலை சீவுவான். ஸ்டூவர்ட் தகரப் பெட்டியைத் திறப்பான். இன்னும் தேவாலயக் கோபுர உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறோமே என்ற நினைப்பு ஒருத்தனுக்கும் வராது. வெளியூர்க்காரன் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான். இவர்களுக்கு அது சர்வ சாதாரணம். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லையே!

அன்று ரியோவிலிருந்து வந்த கப்பல், மழையும் மின்னலுமாக இருந்ததால் இறங்க முடியாமல் மத்தியானம் முழுக்க ஏரிக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பயணிகள் பெட்டியும் தொப்பியுமாக ஜன்னலோரம் நின்று சலித்துப் போயிருந்தார்கள். அதிலும் ஓவர்பெக் என்று ஒரு கிழவர், பிரேமனில் பியானோ வியாபாரி, காலையிலிருந்து கெப்ஹார்டின் உயிரை எடுத்தார்.

"ஏம்ப்பா தகரப் பெட்டி, என் லைட்டர் எங்கே?"

"தரையில இறங்கினதும் கையில குடுக்கறேன் ஐயா."

"இதையேதான் காலையிலேர்ந்து சொல்றே. நீ குடுக்கறதுக்குள்ள நான் பரலோகம் போயிடுவேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் ஐயா. சுருட்டு எங்கேயும் ஓடிப் போயிடாது."

"சுருட்டைப் பத்தி உன்னை யாரு கேட்டா? லைட்டரைக் குடு."

மழை விட்டது. கயிறு விழுந்தது. "வந்தாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். விட்டது தொல்லை என்று கெப்ஹார்ட் பெட்டியைத் திறந்து முதல் பையைக் கிழவரிடம்தான் நீட்டினான். அவர் லைட்டரை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். வாலில், சாமான் அறையில் அவருடைய முக் என்கிற நாய் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். பயணி தனியாகக் கப்பலின் வயிற்றுக்குள் போகக் கூடாது, கூட ஆள் போக வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு அம்மாள் தொப்பிப் பெட்டியைக் காணோம் என்கிறாள், ஒரு குழந்தை வாந்தி எடுக்கிறது. கெப்ஹார்ட் கதவைத் திறந்துவிட்டு, "நேரே போங்க ஐயா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டே போங்க" என்று சொல்லி அனுப்பினான்.

அவர் போய்ச் சற்று நேரம் ஆகியிருக்கும். கேஸ் அடுப்பு பற்றும்போது வருமே, அந்த மாதிரி ஒரு 'பொஃப்'. அவ்வளவுதான் சத்தம். ஜன்னலுக்குக் கீழே ஈரமான புல்தரை ரோஜா நிறமாக மாறியது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த முகங்களைத்தான் கெப்ஹார்டால் மறக்க முடியவில்லை. பிறகு வால் தொப்பென்று விழ, தரை செங்குத்தாகச் சாய, மேசையும் மனிதர்களும் உருண்டார்கள். பழுக்கக் காய்ந்த ஜன்னல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக் குதித்தான். கைத்தோல் அங்கேயே போய்விட்டது.

தீ வாலிலிருந்து கிளம்பியது என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கருத்து இல்லை. லைட்டரோடு ஒரு மனிதன் வாலை நோக்கித்தான் போனான். இதற்கு மேல் என்ன வேண்டும்? தூங்கினால் 'பொஃப்' கேட்டது. யாராவது கதவைத் தட்டினால் ஈரக்குலை நடுங்கியது. சமையல்காரன் செவரின் தீயில் போய்விட்டான். அந்தத் தொப்பிப் பெட்டி அம்மாள் போய்விட்டாள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்கவே அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெடிகுண்டாக இருக்கட்டும் ஆண்டவரே, எவனோ ஒரு பாவி வைத்த வெடிகுண்டாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

வேண்டுதல் பலித்தது. நான்காம் நாள் இரகசியப் போலீசார் வந்து வெடிகுண்டு வைத்தவன் என்று ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தது வெண்டலினை. கெப்ஹார்டின் தங்கை புருஷன்.

வெண்டலினுக்குக் கப்பலில் வாயுப் பைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிழிசல் இருந்தால் ஒட்டுவான். இறங்கும்போது வாலில் நின்று கயிறு விடுவான். வால் முதலில் தரையைத் தொட்டதால் அதன் அடியில் இருந்தவன் நடந்தே வெளியே வந்துவிட்டான். புருவம் கொஞ்சம் கருகியதோடு சரி. போலீசாருக்கு அது போதாதா? தீ கிளம்பிய இடத்தில் நின்றவன் எப்படிப் பிழைத்தான்? அதோடு பழைய தொழிற்சங்கக்காரன் வேறு. போதாக்குறைக்கு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத ஜென்மம் அது. "ஒரு பொறி பட்டா போதும், நாம எல்லாரும் சுட்ட சாசேஜ்தான்" என்று பீர்க்கடையில் சிரித்துப் பேசியதை யாரோ ஒரு புண்ணியவான் போய்ச் சொல்லியிருந்தான்.

தங்கை சென்ட்டா வந்தபோது கெப்ஹார்டின் முன்னால் புகை போட்ட ஏரி மீன் தொடாமல் கிடந்தது. அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, எழுந்திரு. எங்கூட வா. வந்து சொல்லு, எம்புருஷன் அப்படிப்பட்டவன் இல்லன்னு."

"நான் சொன்னா கேப்பாங்களா, சென்ட்டா?"

"நான் சொல்லியே கேக்கல. மோர்லாக்னு ஒரு அதிகாரி ஸ்டுட்கார்ட்டிலேர்ந்து வந்திருக்கான். சிரிச்சுக்கிட்டே பேசறான் பாவி. 'எங்களுக்குக் காரணம் ஒண்ணு வேணும்மா. உங்க வீட்டுக்காரர் இல்லேன்னா வேற யாருன்னு சொல்லுங்க, இப்பவே விட்டுடறேன்'ங்கறான். நாளைக்குச் சாயங்காலம் பெர்லின் ரயில்ல ஏத்திடுவாங்களாம். அங்க போனவன் கழுத்தோட திரும்பி வந்திருக்கானா? நீயே சொல்லு!"

வேறு யார் என்று கேட்கிறார்கள். வேறு யார் என்று கெப்ஹார்டுக்குத் தெரியும்.

"எனக்குக் கை முடியல, சென்ட்டா. நாளைக்குக் கட்டு மாத்தணும்..."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு என்ன பயம்? நீ தட்டு தூக்கறவன். உன்னை எவன் சந்தேகப்படப் போறான்? சின்ன வயசுலயே நீ இப்படித்தான். வாத்துக்குப் பயந்து என் பின்னாடி ஒளிஞ்சவன்தானே நீ!" என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே போனாள். அவன் எழுந்து கதவைக்கூடச் சாத்தவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டு மாற்ற மட்டும் அல்ல. ஓவர்பெக் இன்னும் உயிரோடு அங்கேதான் கிடக்கிறார் என்று தெரியும். டாக்டர் யாரையும் விசாரிக்க விடவில்லை என்றும் தெரியும். கிழவர் வாயைத் திறந்து 'ஸ்டூவர்ட்தான் கொடுத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. போகிற வழியில், அவர் ராத்திரியே செத்திருந்தால் தேவலை என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததும் தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஒருவேளை அவர் பற்றவே வைக்கவில்லையோ? அதை அவர் வாயால் கேட்டுவிட்டால் போதும். அப்புறம் தலை நிமிர்ந்து நடக்கலாம், நிம்மதியாகத் தூங்கலாம். அந்த ஒரு நப்பாசைதான் அவனை அந்த வார்டு வரை இழுத்துக்கொண்டு போனது.

வால்புர்கா சிஸ்டர் கட்டை மாற்றிவிட்டு, "ரெண்டே நிமிஷம். அவர் அதிக நேரம் தாங்க மாட்டார்" என்று உள்ளே விட்டார். கட்டிலில் துணி மூட்டை மாதிரி ஏதோ இருந்தது. அதில் ஒரு வாயும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"யாரு, தகரப் பெட்டியா?"

"நான்தான் ஐயா."

"என் முக் எங்கே?"

"நல்லா இருக்கு ஐயா. படகுக்காரர் வீட்டுல விட்டிருக்கோம். நல்லாத் திங்குது." பச்சைப் பொய். வாலில் இருந்த சாமான் அறையில் சாம்பல்தான் மிச்சம்.

"அது திங்கும். திருட்டுப் பய."

கெப்ஹார்ட் குனிந்து அவர் காதருகே போனான். "ஐயா, அந்த லைட்டர்... உள்ளே போனீங்களே, அதை அங்க பத்த வெச்சீங்களா?"

அந்த வாய் சிரித்ததா வலியில் கோணியதா தெரியவில்லை. "பத்த வெக்கறதா? அதுல தீக்கல்லே கிடையாதுப்பா. தேஞ்சு போய் எப்பவோ ரியோவுலயே விழுந்துடுச்சு. பெட்ரோலும் காஞ்சு போச்சு. வெறும் டப்பா."

"வெறும் டப்பாவா?" கெப்ஹார்டுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அப்புறம் எதுக்குக் காலையிலேர்ந்து அந்தப் பிடுங்கல் பிடுங்கினீங்க?"

"பயம்ப்பா." கிழவர் மூச்சு வாங்கினார். "இறங்கற நேரம் எனக்கு உயிரே போகும். அது என் பையனோடது. சண்டையில போயிட்டான். அது கைக்குள்ள இருந்தா கொஞ்சம் தேவலை. நாயைப் பாக்கப் போனேனா, அந்த நடைப்பலகை ஆடிச்சு. பாதியிலயே உக்காந்துட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் பின்னாடி வெளிச்சம் வந்தது. நீயும் பயந்தியா?"

"பயந்தேன் ஐயா. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"அந்தக் கோப்பையில கிடக்கு பாரு. இங்க வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். உன் பெட்டியிலயே வை. நான் இறங்கினதும் குடு."

தலைமாட்டில் இருந்த தகரக் கோப்பையில் லைட்டர் கிடந்தது. ஒரு பக்கம் கருத்திருந்தது. கெப்ஹார்ட் கட்டுப் போட்ட இரண்டு கையாலும் அதைக் கவ்வி எடுத்தான். சக்கரத்தைக் கட்டில் விளிம்பில் தேய்த்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு சுழன்றது, பொறி இல்லை. கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அவன் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கிழவர் தூங்கிவிட்டார். வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தவனை, கொஞ்ச நேரம் கழித்து வால்புர்கா சிஸ்டர் தேடி வந்து சொன்னார்: தூங்கியவர் எழவில்லை.

நான் இல்லை. என்னால் இல்லை. படியில் இறங்கும்போது கெப்ஹார்டுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இடியோ, கம்பியோ, வார்னிஷோ, எந்த எழவோ ஒன்று. ஆனால் நான் இல்லை! வாய்விட்டுச் சிரிக்கலாம் போல இருந்தது. கடைசிப் படியில் கால் நின்றது.

அப்படியானால் வெண்டலின்?

நேற்று வரை அவனிடம் ஒரு சொல் இருந்தது. 'லைட்டரோடு ஒருவரை உள்ளே விட்டேன்' என்ற சொல். அதைச் சொன்னால் வெண்டலினை விட்டுவிடுவார்கள். உண்மை என்று நம்பியபோது அதைச் சொல்லப் பயந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இப்போது அது பொய் என்று தெரிந்துவிட்டது. அது தெரிந்த இன்னொருவரோ மேலே வார்டில் துணி போர்த்திக் கிடக்கிறார். மோர்லாக்குக்கு ஒரு காரணம் வேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும். கல் இல்லாத லைட்டரை நீட்டினால் அவன் சிரிப்பான். கல் இருந்தால்?

அந்த நினைப்பு வந்ததுமே ஏரிக்கரையில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். எத்தனை வருஷம் உள்ளே போடுவார்களோ? உள்ளே போட்டவனை என்ன செய்வார்களோ? செவரின் பெண்டாட்டி இனிமேல் தன்னைப் பார்த்தால்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்குத்தான் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் நடந்தான். கால் புகையிலைக் கடை வாசலில் போய் நின்றது.

கடைக்கார ஃபிடேலுக்கு எழுபது வயது, ஊர் வம்பு அத்தனையும் அத்துப்படி. உள்ளே கோட்டில் ஆளும் கட்சிச் சின்னம் குத்திய ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க ஷ்டேலே! கை எப்படி இருக்கு? எல்லாரும் சொல்றாங்களே, உங்க மாப்பிள்ளையை..." என்று ஆரம்பித்தவர் பேப்பர்க்காரரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"லைட்டருக்குக் கல்லு போடணும். பெட்ரோலும். எனக்குக் கையால முடியாது, நீங்கதான் போட்டுத் தரணும்."

"நீங்க எப்போலேர்ந்து புகை பிடிக்க ஆரம்பிச்சீங்க? உங்க அப்பா செத்த அன்னிக்கே ஒரு சுருட்டு குடுத்தேன், வேண்டாம்னுட்டீங்களே!"

பேப்பர் கீழே இறங்கியது. அதற்கு மேலே ஒரு ஜோடிக் கண்.

"பழகிக்கலாம்னு பாக்கறேன்," என்றான் கெப்ஹார்ட். "ராத்திரி தூக்கம் வரல."

"அது சரி. நெருப்புல விழுந்து எழுந்தவனுக்கு நெருப்பு மேலயே ஆசை பாருங்க!" ஃபிடேல் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, திருகாணியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். "கல்லே இல்லையே! குழாயில துரு ஏறியிருக்கு. ரொம்ப நாளாவே சும்மா கிடந்திருக்கு இது."

இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா இந்தக் கிழம்! கெப்ஹார்டுக்கு அவர் வாயைப் பொத்தலாம் போல இருந்தது. "பரண்ல கிடந்தது," என்றான். பேப்பர் மறுபடி மேலே போனது. ஃபிடேல் துருவைச் சுரண்டினார், கல்லைச் செருகினார், பெட்ரோல் ஊற்றினார். ஊற்றும்போது கொஞ்சம் கெப்ஹார்டின் கட்டின் மேலும் சிந்திவிட்டது. துடைத்தும் நாற்றம் போகவில்லை. "பாத்துக்கோங்க!" என்று அவர் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்ட, மஞ்சள் நாக்கு ஒன்று எழுந்தது. கெப்ஹார்ட் அலமாரியில் போய் மோதி நின்றான். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்து, "இதுக்கு நீங்க பேசாம மெல்லற புகையிலைக்குப் போயிடலாம்," என்றார்.

விசாரணை, கொட்டகையை ஒட்டிய சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மோர்லாக் ஒல்லியாக, ஷேவ் செய்த மணத்தோடு இருந்தான். பக்கத்தில் பெர்லினிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர், நரைத்த மீசைக்காரர், பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். கெப்ஹார்ட் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். வந்து நின்றதும் பாதி மறந்துவிட்டது. கயிறு இறங்கியது, பெட்டியைத் திறந்தேன், கொடுத்தேன், கதவைத் திறந்துவிட்டேன் என்று தந்தி மாதிரி சொன்னான்.

"கயிறு இறங்கினதுமே குடுப்பீங்களா?" இன்ஜினியர் தலையைத் தூக்கினார். "அவ்வளவு உயரத்துலயா?"

"எல்லாரும் அப்படித்தான் ஐயா. கயிறு இறங்கிட்டா வந்தாச்சுன்னு அர்த்தம்."

இன்ஜினியர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மோர்லாக்கே சிரித்துவிட்டான்.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்றான் மோர்லாக்.

"பயம்."

"இப்ப மட்டும் பயம் போயிடுச்சோ?"

"போகல ஐயா."

லைட்டரை மேசையில் வைத்தான். ஆஸ்பத்திரியில் கிழவர் கொடுத்தார் என்றான். சுருட்டுப் பற்ற வைத்தேன் என்று தன்னிடம் ஒப்புக்கொண்டு செத்தார் என்றான். செத்த மனிதர் மேல் பழி போட்டாயிற்று. மன்னிச்சுக்கோங்க ஐயா, உங்க முக் மேல சத்தியமா வேற வழி இல்லை என்று மனசுக்குள் கெஞ்சினான்.

இன்ஜினியர் மூக்கை உறிஞ்சினார். "பெட்ரோல் வாசனை அடிக்குதே. எங்கேருந்து?"

கெப்ஹார்டுக்குக் கட்டுப் போட்ட கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுத்தால் தொலைந்தோம் என்று அதே கையை முன்னால் நீட்டினான். "இதுலேர்ந்துதான் ஐயா. காலையில கட்டு மாத்தினாங்க. பிளாஸ்திரிப் பசையை சிஸ்டர் பெட்ரோல் தொட்டுத்தான் எடுப்பாங்க."

உண்மையிலேயே அப்படித்தான் எடுப்பார்கள். இன்ஜினியர் அந்தக் கையையும் அவன் முகத்தையும் நெடுநேரம் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, மறுபடி பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். மோர்லாக்குக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. லைட்டரை எடுத்தான், எரியுமா பார்க்கலாம் என்றான், கெப்ஹார்டின் முகத்துக்கு நேரே நீட்டித் தட்டினான்.

எரிந்தது.

கெப்ஹார்ட் அலறினான். அது நடிப்பு இல்லை. நாற்காலியோடு பின்னால் விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் கட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, "நான்தான், நான்தான், அணைச்சுடுங்க" என்று தரையில் கிடந்து கதறினான். கால்சட்டை நனைந்துவிட்டது. இத்தனை நாளும் ஒளித்து வைத்திருந்த பயம் அத்தனையும் அந்த அறையில் எல்லார் கண் முன்னாலும் கொட்டியது. குற்றம் செய்யாதவன் இப்படியா பயப்படுவான்? மோர்லாக் மூடியைப் படக்கென்று மூடினான். "சரி, போதும்," என்று வாசல் காவலாளியிடம் திரும்பினான். "அந்த இன்னொருத்தனை வீட்டுக்கு அனுப்பிடு."

கெப்ஹார்டை நிறுத்தி வைத்திருந்த தாழ்வாரத்தின் வழியாகத்தான் வெண்டலினைக் கூட்டி வந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாசலில் சென்ட்டா அவனுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நடந்ததை யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. வெண்டலின் கெப்ஹார்டின் எதிரே வந்து நின்றான்.

"நீயா மச்சான்?"

கெப்ஹார்ட் வாயைத் திறந்தான். பக்கத்தில் காவலாளி நின்றான். வாயை மூடிக்கொண்டான்.

"செவரினுக்கு ரெண்டு பிள்ளைங்க," என்றான் வெண்டலின். "உன் கையால எத்தனை தடவை மிட்டாய் வாங்கித் தின்னிருக்கும் அதுங்க. எனக்கு அங்க பல்லு போச்சு, கண்ணு போச்சு. அப்பக்கூட நான் எவன் பேரையும் சொல்லல. நீ வீட்டுல உக்காந்து மீன் தின்னுக்கிட்டு இருந்தியாமே!"

சொல்லிவிட்டு நடந்தான். சென்ட்டா புருஷனுக்குக் கோட்டைப் போர்த்திவிட்டாள். அண்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவள் காதில் போட்டால் போதும், ஆனால் தெரிந்தவளையும் நாளைக்குக் கூப்பிட்டு இதே மாதிரி உட்கார வைப்பார்கள். கெப்ஹார்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வாசலைத் தாண்டினால் வலப்பக்கம் ஸ்டேஷன், இடப்பக்கம் அவர்கள் வீடு. வெண்டலின் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். இருவரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.